ஐந்தருவி: ஆறு

தங்கசாமி சாரலுக்குக் குடை பிடிப்பதில்லை. மழைக்குத்தான் குடை, சாரல் மழை அல்ல என்பது அவர் கட்சி. ஆனி பிறந்ததும் வீட்டில் இருக்கும் குடைகளைத் துடைத்துப் பரணில் ஏற்றிவிடுவார். ஐப்பசியில் இடியோடு மழை வரும்போதுதான் அவை கீழே இறங்கும். இடைப்பட்ட மாதங்களில் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வீசும். ஊர் பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் திரியும். அந்த நாட்களில் அவர் வீட்டிலிருந்து யாரும் குடையோடு வாசல் தாண்ட முடியாது. மகள் அபி கல்லூரிக்குப் போன காலத்தில் ஒரு மடக்குக் குடையைப் பைக்குள் ஒளித்து எடுத்துப்போய், தெருமுனை திரும்பிய பிறகு விரிப்பாள். ஒருநாள் பிடிபட்டாள். அவர் திட்டவில்லை.

"ஏட்டி, தென்காசில பொறந்துட்டு சாரலுக்குக் குடை புடிக்கியே. மீனு தண்ணிக்குள்ள குடை புடிக்குமா?" என்று மட்டும் கேட்டார். அபி இப்போது பெங்களூரில் இருக்கிறாள். அங்கே தூறினாலே குடை பிடிக்கிறாள். அந்த மடக்குக் குடை மட்டும் அம்மாவிடம் இருக்கிறது. அது இருப்பது அப்பாவுக்குத் தெரியாது.

காவல்துறையில் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவர் தங்கசாமி. வயது அறுபத்தேழு. பணியில் இருந்த காலத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு: வளையாத சாட்சி. ஒரு திருட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல், "அந்த இருட்டில் ஓடியவன் முகம் உங்களுக்குத் தெரிந்ததா?" என்று கேட்டிருக்கிறார். தங்கசாமி சற்று யோசித்து, "தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வழக்கு தள்ளுபடியானது. கூட வேலை பார்த்தவர்கள் கொஞ்ச நாள் அவரை 'முதுகு' என்று கூப்பிட்டார்கள். அவர் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்த்ததைச் சொல்லவேண்டும், பார்க்காததைச் சொல்லக்கூடாது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பணியின் கடைசிப் பதினோரு ஆண்டுகளும் சீசன் நேரத்தில் அவருக்கு ஐந்தருவியில்தான் காவல். ஓய்வு பெற்ற பிறகும் கால்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வீடு ஐந்தருவி சாலையிலேயே இருப்பது வசதியாகப் போயிற்று. விடிந்ததும் நடந்துபோய், படிக்கட்டுக்குக் கீழே ஒரு நாவல் மரத்தடியில் நிற்பார். ஐந்து கிளைகளில் எத்தனையில் தண்ணீர் விழுகிறது என்று எண்ணுவார். ஆண்கள் பக்கம் போய்க் குளிப்பார். துவட்டிக்கொண்டு 'ஐந்தருவி நிலவரம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுவார்: 'ஐந்தருவி: நாலு. மிதமான தண்ணி. குளிக்கலாம்.' அவ்வளவுதான். காலை வணக்கம் கிடையாது, பூப்படம் கிடையாது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேலாளராக இருக்கும் முத்துகுமரன்தான் அந்தக் குழுவை ஆரம்பித்தவன். இருநூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். கடையத்திலிருந்து வேன் பேசுகிறவர்களும் வடகரையிலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறவர்களும் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணெயை எடுத்து வெளியில் வைப்பார்கள்.

இப்படிப்பட்டவரின் கண்ணில் புரை விழுந்திருந்தது.

புரை விழுவது ஊரில் நடக்காததில்லை. ஆனால் தங்கசாமிக்கு உருப்படியாக இருந்தது இடது கண் ஒன்றுதான். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கோயில் கொடைத் திருவிழாக் கூட்டத்தில் எவனோ எறிந்த கல் வலது கண்ணில் பட்டது. அன்றிலிருந்து அதில் வெளிச்சமும் நிழலும் தெரியும், வேறொன்றும் தெரியாது. ஆனி மாதக் கடைசியில் மனைவி பேராச்சி அவரை ஒருவழியாகத் தென்காசியில் கண் டாக்டர் உமா மகேஸ்வரியிடம் கூட்டிப்போனாள். டாக்டர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு நேரடியாகவே சொன்னார்.

"சார், புரை நல்லா முத்திருச்சு. இந்த மாசமே ஆபரேஷன் பண்ணிடணும். விட்டா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறும். அதுக்கப்புறம் பண்ணினாலும் பார்வை திரும்பாது. உங்களுக்கு இருக்கிறது ஒரே கண்ணு."

"பண்ணிட்டா எப்பம் குளிக்கலாம்?" என்று கேட்டார் தங்கசாமி.

"கழுத்துக்குக் கீழே அன்னைக்கே குளிக்கலாம். தலைக்கு ஒரு மாசம் கூடாது. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது."

"அருவி?"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அருவியப் பத்தியே பேசக்கூடாது."

"அப்போ ஆவணி கழியட்டும்" என்று எழுந்துவிட்டார் தங்கசாமி.

பேராச்சி வீட்டுக்கு வந்ததும் பேசினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். ஐம்பத்தோரு சீசன் ஒருநாளும் விடாமல் குளித்திருக்கிறார். மூலிகையெல்லாம் தொட்டு வருகிற தண்ணீர், அதனால் கண்ணுக்கு நல்லது வருமே தவிரக் கெடுதல் வராது. சீசனில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் பந்தியில் உட்கார்ந்து பட்டினி கிடக்கிறவன்.

"டாக்டரம்மா படிச்சவுங்கல்லா" என்றாள் பேராச்சி.

"படிச்சிருக்கா. ஆனா மதுரைக்காரி."

"கண்ணு அவிஞ்சு போனா யாரு கையப் புடிச்சிக்கிட்டு அருவிக்குப் போவிய?"

"நீ எதுக்கு இருக்க?"

நாற்பது வருடத்தில் அவரை எந்த வாதத்திலும் பேராச்சி ஜெயித்ததில்லை. சுவரை முட்டித் திறக்க முடியாது, கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் தேடவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை கதவு அகப்படவில்லை. அபி தினமும் போனில் அழுதாள். அவர் போனை மேசைமேல் வைத்துவிட்டு முகம் சவரம் செய்துகொண்டார். ஒருநாள் தாடையில் ஒரு பக்கம் அப்படியே விட்டிருந்தார். பேராச்சி அதைப் பார்த்தும் சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. காற்றும் தண்ணீரும் கூடின. எட்டாம் தேதி அவர் 'ஐந்தருவி: நாலு' என்று போட்டார். பத்து நிமிடத்தில் முத்துகுமரன் ஒரு படம் போட்டான். அதில் மூன்றுதான் விழுந்தது.

'அது நேத்து எடுத்த போட்டோ' என்று எழுதினார் தங்கசாமி.

'இல்ல அண்ணாச்சி, இப்பம் எடுத்தது.'

'போட்டோவில் ஒரு ஓரம் வெட்டுப்பட்டிருக்கும்.'

ஒன்பதாம் தேதியும் இதே கதைதான். பத்தாம் தேதி அவர் ஐந்து என்றார், படத்தில் நாலு இருந்தது. குழுவில் சிலர் அவர் பக்கம் நின்றார்கள். செல்போனை நம்பலாமா, தங்கசாமி அண்ணாச்சியை நம்பலாமா என்று கடையத்துக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். முத்துகுமரன் அதோடு விட்டுவிட்டான்.

பன்னிரண்டாம் தேதி விடியலில் மலைமேல் நல்ல மழை. தங்கசாமி நாவல் மரத்தடியில் நின்று எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றாம் முறை விரலை நீட்டி, ஆள் எண்ணுவதுபோல் ஒவ்வொன்றாகச் சுட்டி எண்ணினார். வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் கூடுதலாக நின்றார். பிறகு குளித்தார், துவட்டினார், எழுதினார்.

'ஐந்தருவி: ஆறு. நல்ல தண்ணி. குளிக்கலாம்.'

அன்று குழுவில் நூற்றுக்கும் மேல் செய்திகள் வந்தன. பெயரை ஆறருவி என்று மாற்ற மனுக் கொடுக்கலாமா என்று ஒருவன் கேட்டான். ஆறாவது எந்தப் பக்கம், ஆண்களுக்கா பெண்களுக்கா என்று இன்னொருவன் கேட்டான். வடகரையிலிருந்து ஒரு பெண், எப்படியோ எங்கள் வீட்டுக்காரர் எண்ணிக்கையில் தேவலை என்று எழுதியிருந்தாள். அண்ணாச்சியைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்தவன் முத்துகுமரன்தான். மத்தியானம் அவன் எழுதினான்: 'யாரும் கிண்டல் பண்ணாதிய. அண்ணாச்சி எண்ணிக்கையச் சொல்லல. தண்ணி ஆறு மாதிரி வருதுன்னு சொல்லிருக்காவ.'

அதைப் படித்ததும் பேராச்சிக்கு உயிர் வந்தது. சாப்பிட உட்கார்ந்தவரிடம் போனைக் காட்டினாள்.

"நல்ல பய. பாருங்க, எப்படிச் சொல்லிருக்கான்னு. ஆமான்னு ஒரு வார்த்த போட்டுருங்க. முடிஞ்சு போச்சு."

தங்கசாமி போனைக் கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"நான் எண்ணித்தான் எழுதுனேன்."

"அது இருக்கட்டும். ஆறுன்னா ஆறுதான. ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான."

"எழுத்து ஒண்ணுதான். நான் சொன்னது நம்பரு." அவர் சோற்றில் ரசத்தை ஊற்றச் சொல்லி வாழையிலையில் பாத்தி கட்டினார். "மூணு தடவ எண்ணினேன் பேராச்சி. ஆறுதான் விழுந்துச்சு. இல்லாததையா எழுதுவேன்?"

"எண்ணுனது அஞ்சருவியிலல்லா. பேரே அஞ்சுதான?"

"அதான் எனக்கும் வெளங்கல" என்றார் அவர். அந்தக் குரல் அவளுக்குப் புதிதாக இருந்தது. விளங்கவில்லை என்று அவர் சொல்லி அவள் கேட்டதேயில்லை. "நாளைக்கு நீயும் வா. ரெண்டு சாட்சியா இருக்கட்டும்."

மறுநாள் காலை இருவரும் போனார்கள். சாரல் முகத்தில் மாவுபோல் விழுந்துகொண்டிருந்தது. பேராச்சி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். முந்தானை குடை ஆகாது என்பதால் அதற்கு அனுமதி உண்டு. அவர் அவளைத் தோளைப் பிடித்து நாவல் மரத்தடியில் நிறுத்தினார். இரண்டடி முன்னால் போனால் நன்றாகத் தெரியுமே என்றாள். "இங்கன நின்னுதான் எண்ணணும். பத்தொன்பது வருசமா இங்கனதான்" என்றார்.

"சரி. எண்ணுங்க."

அவர் எண்ணினார். அவள் அவர் விரலின் பின்னாலேயே கண்ணை ஓட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்தும் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தன. விரல் ஐந்தோடு நிற்கவில்லை. இன்னும் வலப்பக்கம் நகர்ந்தது.

"அந்தா, ஆறு. கடைசில ஒண்ணு ஒல்லியா, ஆடி ஆடி விழுது பாரு. காத்துக்கு அசையுதுல்லா?"

பேராச்சி பார்த்தாள். பெண்கள் பக்கம் போகிற வழியில் கடைகள் இருந்தன. எண்ணெய், சீயக்காய், துண்டு, மங்குஸ்தான் பழம் விற்கும் ரஹ்மத்துன்னிசாவின் கடை இந்த சீசனுக்கு நாலு கடை தள்ளி மேலே போயிருந்தது. கடை முகப்பில் சாரல் அடிக்காமலிருக்க அவள் நீளமான வெள்ளைப் பாலித்தீன் சீட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அது காற்றில் அலையடித்துக்கொண்டிருந்தது.

சிரிக்கவேண்டிய விஷயம்தான். பேராச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அருவிக்கும் பாலித்தீனுக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணை நம்பி இந்த மனிதர் தினமும் பாசி படிந்த படியில் இறங்கி ஏறுகிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னால் சண்டைக்கு வருவார். சொல்லாமலும் இருக்க முடியாது. அவள் வாயெடுப்பதற்குள் ரஹ்மத்துன்னிசா கடைக்குள்ளிருந்து ஸ்டூலோடு வந்தாள். அதில் ஏறிச் சீட்டின் கயிற்றை அவிழ்த்தாள். தண்ணீர் போக உதறினாள். கீழிருந்து மேலாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அருவி மேல்நோக்கிச் சுருண்டு போவதைத் தங்கசாமி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. நீட்டிய விரல் அப்படியே நின்றது.

"எங்க போச்சு?" என்றார்.

"ரஹ்மத்துன்னிசா சுருட்டிக் கக்கத்துல வச்சிட்டா" என்றாள் பேராச்சி, மெதுவாக. "அவ கடைச் சீட்டு அது."

ரஹ்மத்துன்னிசா இவர்களைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "என்ன மதினி, அதிசயமா இருக்கு? அண்ணாச்சி, சீட்டு ஏதும் மறைக்கா? ஒரு வாரமா காத்து தாங்க முடியலன்னு கட்டுனேன். வேணும்னா அந்தப் பக்கமாக் கட்டுதேன்."

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார் தங்கசாமி. "அது அதோட எடத்துலதான் இருக்கு."

அவர் அன்று குளிக்கவில்லை. படிக்கட்டின் ஓரம் உட்கார்ந்தார். துண்டு மடியில் விரிக்காமலே கிடந்தது. பேராச்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே ஓடுகிறவர்கள் இவர்கள்மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போனார்கள். பிறகு அவர் கேட்டார்.

"ஒரு வாரமாவா கட்டிருக்கேன்னு சொன்னா அவ?"

"ஆமா."

"அப்போ எட்டாம் தேதிலருந்து எல்லாமே தப்பு. அந்தப் பய போட்டோதான் சரி." துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "கோர்ட்டுல இப்படி ஒருத்தன் சாட்சி சொல்ல வந்தா நானே எறக்கிவிட்டுருப்பேன்."

கதவு பேராச்சிக்குத் தெரிந்துவிட்டது. இப்போது ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாலும் அது சாத்திக்கொள்ளும் என்பதும் தெரியும்.

"டாக்டரம்மா நம்பர் ஒங்கிட்ட இருக்கா?" என்றார் தங்கசாமி.

அங்கேயே உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல அவள் குழுவுக்கு எழுதினாள். 'நேற்று ஆறு என்றது தவறு. ஐந்து. எட்டு முதல் பதினொன்று வரை சொன்னதிலும் தினம் ஒன்றைக் கழித்துக்கொள்ளவும். பார்வை சரியில்லாத ஆள் கொடுத்த தகவல். ஆபரேஷனுக்குப் போகிறேன். தங்கசாமி.'

அப்புறம் முத்துகுமரன் போனிலேயே கூப்பிட்டான். "அண்ணாச்சி, நிம்மதியாப் போயிட்டு வாங்க. ஒரு மாசம் நான் எண்ணிப் போடுதேன்."

"போடு. ஆனா அந்த நாவல் மரத்தடில நின்னு எண்ணணும்."

"அங்கன நின்னா ஆறுல்லா தெரியும்" என்றான் முத்துகுமரன்.

தங்கசாமி போனைப் பேராச்சியிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரியச் சற்று நேரமாயிற்று.

நாலாம் நாள் ஆபரேஷன் முடிந்தது. கண்ணில் போட்ட கட்டை மறுநாள் காலைதான் பிரிப்பார்களாம். அதுவரை அவருக்கு உலகம் வலது கண்ணின் வெளிச்சமும் நிழலும்தான். டாக்டர் உமா மகேஸ்வரி சொட்டு மருந்து விடும் நேரங்களைச் சொன்னார். பிறகு பேராச்சியைப் பார்த்து, "கட்டுமேல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதும்மா. வீட்டுக்குப் போற வழியிலயும்தான்" என்றார்.

வாசலுக்கு வந்தார்கள். ஆட்டோ தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றது. ஐம்பது அடி இருக்கும். அந்த ஐம்பது அடியிலும் சாரல் விழுந்துகொண்டிருந்தது. பாதி வெயில், பாதி சாரல். தூள் தூளாக, தரையை நனைக்கலாமா வேண்டாமா என்ற யோசனையோடு விழுகிற ஆடிச் சாரல். பேராச்சி கைப்பையைத் திறந்து அபியின் மடக்குக் குடையை எடுத்து விரித்தாள். விரிந்த சத்தம் அவர் காதில் விழுந்தது.

"என்னது?"

"குடை."

"சாரலுக்கா?"

"நான் எனக்குப் புடிக்கேன். நீங்க ஒங்க பாட்டுக்குப் பக்கத்துல வாங்க."

அவர் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாமல் படி இறங்கினார். பேராச்சி அவர் தோளுக்குத்தான் இருப்பாள். கையை எவ்வளவு தூக்கியும் குடை அவர் நெற்றி மட்டத்தில்தான் வந்தது. இரண்டாம் எட்டில் ஒரு கம்பி முனை கட்டுக்குப் பக்கத்தில் உரசியது. அவள் பயந்து குடையைச் சட்டென்று விலக்கினாள். அவர் பின்வாங்கிக் கூரைக்குள் வந்து நின்றுவிட்டார்.

இருவரும் அங்கேயே நின்றார்கள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"விடட்டும், போவோம்" என்றார் தங்கசாமி.

"எப்பம் விடும்? ஆவணிலயா?"

அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, வெளியே விழுவதைக் கேட்பதுபோல் நின்றார். பிறகு கேட்டார்.

"எனக்குத்தான் இப்பம் கண்ணு தெரியல. நீ பாத்துச் சொல்லு. இது சாரலா, மழையா?"

பேராச்சி வெளியே பார்த்தாள். வெயிலில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக மினுங்கியது. அருகில் நின்ற ஒருவர் பீடியைக்கூட அணைக்காமல் நடந்து போனார்.

"மழை" என்றாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லு. நீதான் சாட்சி."

"பாத்துட்டுத்தான் சொல்லுதேன். மழைதான். நல்ல மழை."

தங்கசாமி வலது கையைக் கூரைக்கு வெளியே நீட்டினார். ஐம்பத்தோரு சீசன் நனைந்த கை அது. உள்ளங்கையில் விழுவதை விரல்களால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். கையை உள்ளே இழுத்து வேட்டியில் துடைத்தார்.

"அப்போ சரி" என்றார். "குடையக் குடு இங்கன. ஒனக்கு எட்டாது."